அண்ணி உட்கார்ந்த கதை

என் அண்ணி உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னல், அடுப்பு, வாசல் என்று ஒரு சுற்று வருவாள். சுற்று முடியும்போது சாப்பாடும் முடிந்திருக்கும். கல்யாணமான புதிதில் அண்ணன் அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தான். அது வீட்டுக்குள் நிற்கவில்லை, தெருவுக்கே தெரிந்துவிட்டது. பால் போடுகிறவர்கூட, "பம்பரம் அம்மா இருக்காங்களா?" என்றுதான் என் கடையில் வந்து கேட்பார். அவளுக்கு அதில் கோபம் கிடையாது. கோபப்படுவதற்கும் ஓரிடத்தில் நிற்க வேண்டுமே.

நான் சாவிக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே அண்ணன் வீடு. கடைக்குப் பின்னால் இருக்கும் அறை என்னுடையது. கல்யாணம் எனக்கு ஒத்துவரவில்லை, அது வேறு கதை, யாரும் கேட்கவும் இல்லை. நாள் முழுக்க என் தலைக்கு மேலே அண்ணியின் நடை கேட்டுக்கொண்டே இருக்கும். சாவி வெட்டும் இயந்திரம் போடுகிற கூச்சலையும் மீறிக் கேட்கும். வருகிறவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்து, "மேல என்ன, ஃபேக்டரியா?" என்பார்கள். "ஆமா, ஒரே ஒரு ஆள் வேலை பாக்குற ஃபேக்டரி" என்பேன்.

அண்ணன் அதற்கு நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களின் நடுவே இருட்டாக இறங்கும் அந்தக் குழிக்குள் நின்று, கயிற்றையும் சக்கரத்தையும் தட்டிப் பார்த்துக்கொண்டே ஒரு பகலை ஓட்டிவிடக்கூடியவன். ஆனால் பருவம் மாறினால் ஆளே மாறிவிடுவான். மழை ஓய்ந்து குளிர் இறங்கி, சாயங்காலத்துக்கு முன்பே விளக்குப் போட வேண்டிய நாட்கள் வந்தால் முதலில் அவன் தூக்கம் போகும். அப்புறம் பேச்சு போகும். அப்புறம் கால்கள் ஆரம்பிக்கும். எதையோ வைத்த இடம் மறந்துவிட்டவன் மாதிரி அறைக்கும் அறைக்கும் நடப்பான். இது சோம்பலும் இல்லை திமிரும் இல்லை, வியாதி என்று எங்கள் மரமண்டைகளில் ஏற வருஷக்கணக்கானது.

ஏற்றிவைத்தது ஒரு குளிர்கால மதியம். வேலைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிய அண்ணன் வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. இரண்டு நாள் நாங்கள் தேடாத இடமில்லை. கடைசியில் வேறொரு ஊரின் பஸ் நிலையத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை, அவனோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் அடையாளம் கண்டு எங்களுக்குப் போன் செய்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "கால் போச்சு. நானும் போனேன்" என்றான். அண்ணி அவனைத் திட்டவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவன் சட்டையின் கை நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அதற்கு முன்பு அவள் சுறுசுறுப்பில் சுற்றினாள். அதற்குப் பிறகு பயத்தில் சுற்றினாள். கண் கொஞ்சம் அசந்தால் இந்த மனுஷன் போய்விடுவான், அடுத்த தடவை போன் செய்ய யாரும் இருக்கமாட்டார்கள் என்ற பயம். வெளியாளுக்கு இரண்டு நடைக்கும் வித்தியாசம் தெரியாது. கீழே இருந்து கேட்கிறவனுக்குத் தெரியும்.

மனநல டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். காலையில் வெளிச்சத்தில் நடக்கச் சொன்னார். வெளிச்சமே வராத காலைகளில் முகத்துக்கு எதிரே வைத்துக்கொள்ள ஒரு பெரிய வெள்ளை விளக்கையும் வாங்கச் சொன்னார். அண்ணிக்கு இதெல்லாம் போதவில்லை. "மாத்திரைய அவர் முழுங்குறார், விளக்கு அதுபாட்டுக்கு எரியுது. நான் என்ன டாக்டர் செய்யட்டும்?" என்று கேட்டாள். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். கால் அமுக்கிவிடுவது, வாசனை எண்ணெய், மூச்சுப் பயிற்சி, இந்த மாதிரி ஏதாவது கற்றுக்கொண்டால் நல்லதுதான், ஆனால் தன்னைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது என்றார்.

இதை அண்ணி உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள். அடுத்த தெருவில் பல் டாக்டர் காலி செய்துவிட்டுப் போன இடத்தில் ஒரு நலவாழ்வு மையம் இருந்தது. அங்கே போய்க் கற்றுக்கொண்டு, அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். திரைச்சீலைகளால் தடுத்த சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் மெல்லிய ஊசிகளைக் குத்தி வைத்தியம் செய்யும் ஊசிக்காரர் இருந்தார். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது என்பது போலவே எப்போதும் பேசுவார். இன்னோர் அறை அண்ணிக்கு. வெயில் காலத்தில் தலைவலிக்காரர்கள், மழையில் மூட்டுவலிக்காரர்கள், குளிரில் காரணம் தெரியாமல் அழுகிறவர்கள் என்று பருவத்துக்கு ஒரு கூட்டம் வரும். எல்லாரிடமும் அவள் முதலில் சொல்வது ஒன்றைத்தான். "மாத்திரைய நிறுத்திட்டு வராதீங்க. பாடுறது டாக்டர், நாங்க பக்கவாத்தியம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "அண்ணி, எண்ணெய் போட்டா கீல் சத்தம் போடாது, அது எனக்குத் தெரியும். மனுஷனுக்கு எப்படி அண்ணி?" என்று சீண்டினேன்.

"துருப்பிடிச்ச பூட்டைக் கொண்டு வந்தா நீங்க ஏன் தம்பி எண்ணெய் விட்டுத் திறந்து பாக்குறீங்க? தூக்கிப் போடச் சொல்ல வேண்டியதுதானே?"

அரத்தைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அண்ணன் வேலை முடிந்து வந்ததும் கால் அமுக்கும் நேரம். ஜன்னலோர நாற்காலியில் அவன் சாய்ந்துகொள்வான். எதிரே ஒரு குட்டை ஸ்டூலில் துண்டை விரித்துப் போட்டு அண்ணி உட்கார்வாள். ஆமாம், உட்கார்வாள். லாவெண்டர் எண்ணெயின் வாசனை படியிறங்கி என் கடைவரை வரும். வீடே மூச்சை விட்டுவிட்டு இளைப்பாறுகிற மாதிரி இருக்கும். அந்தக் குளிர்காலம் அண்ணன் எங்கேயும் போகாமல் கழிந்தது. அடுத்ததும் கழிந்தது. மாத்திரை பாதி, அண்ணன் காலை அமுக்கியது பாதி என்று நாங்கள் நம்பிவிட்டோம். கடவுளைக் கும்பிடுகிறவர்கள்கூட அப்படி ஒரு காலை நம்பியிருக்கமாட்டார்கள். நான்கூட வாயை மூடிக்கொண்டேன்.

இந்த வருஷம் அண்ணியின் கை கெட்டது. முதலில் விரலிடுக்கில் சிவப்பு. பிறகு அரிப்பு, பிறகு வெடிப்பு. குளிருக்குத் தோல் வறண்டுவிட்டது என்று நினைத்து, தனக்குத் தெரிந்த வைத்தியமாக அதே லாவெண்டர் எண்ணெயை நன்றாகத் தடவிக்கொண்டாள். கை வீங்கியது. தோல் டாக்டரிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அவர் அண்ணியின் முதுகில் ஏதேதோ ஒட்டிச் சோதித்துவிட்டு, அந்த எண்ணெயே அவளுக்கு ஆகவில்லை என்றார். வருஷக்கணக்கில் தினமும் அதில் ஊறிய கை, இனிமேல் தாங்காதாம். வாசனை எண்ணெய் எதையும் தொடக் கூடாது. புண் ஆறும்வரை யாருக்கும் அமுக்கிவிடவும் கூடாது.

டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்ததும் அண்ணி வானத்தைப் பார்த்தாள். நடுப்பகல்தான், ஆனால் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது. "இப்பவா, தம்பி? இப்பவா இது வரணும்?" என்றாள். தன் கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் கூத்து. அண்ணி கையுறை போட்டுக்கொண்டு அமுக்கினாள். ரப்பர் பட்டதும் அண்ணன் காலை இழுத்துக்கொண்டான். மர உருளை ஒன்று வாங்கி அதன் மேல் காலை உருட்டச் சொன்னாள். அது உருண்டு கட்டிலடியில் போய்ச் சேர்ந்தது. நான் ஒரு கால் அமுக்கும் இயந்திரம் வாங்கி வந்தேன். சுவிட்சைப் போட்டதும் அது அண்ணன் காலை விட்டுவிட்டு, உறுமிக்கொண்டே தரையில் நகர்ந்து சமையலறைப் பக்கம் போனது. மையத்திலிருந்து ஊசிக்காரர் வந்தார். அண்ணன் அவருக்கு டீ கொடுத்து, வானிலை பேசி, மரியாதையாக அனுப்பிவைத்தான். கடைசியில் நானே ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"டேய், என் கால்ல என்ன சாவியா வெட்டுற?" என்றான் அண்ணன்.

"சும்மா இருண்ணே. அண்ணி சொன்ன இடத்துலதான் அமுக்குறேன்."

"போதும்டா. உன் பொழப்பப் பாரு" என்று காலை மடக்கிக்கொண்டான்.

அவன் நடக்க ஆரம்பித்திருந்தான். அவன் நடக்க, அவள் பின்னால் நடக்க, கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் வழியில் இருவரும் இடித்துக்கொண்டு, "நீ போ", "இல்ல, நீங்க போங்க" என்று விலகிக்கொள்வார்கள். கீழே எனக்கும் கை ஓடவில்லை. அந்த வாரம் நான் வெட்டிய சாவிகளில் பாதி எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை, எல்லாரும் திருப்பிக் கொண்டுவந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். திருப்பித் திட்டக்கூடத் தெம்பில்லை.

ஒரு சாயங்காலம் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "கால் அமுக்குறது நின்னதாலதான் இப்படி நடக்குறார். என் கை எக்கேடு கெட்டாலும் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, வாசனையில்லாத எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். அமுக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் துண்டில் சிவப்புத் தீற்றல் விழுந்தது. அவள் விரல் வெடித்திருந்தது. அண்ணன் குனிந்து அந்தத் துண்டையே பார்த்தான். எழுந்து போய், காலுறை போட்டு, அதற்கு மேல் ஷூவும் போட்டு, லேசையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தான். அதன் பிறகு வீட்டுக்குள்ளும் ஷூவைக் கழற்றவில்லை.

விடுமுறை நாள் ஒன்றில் அண்ணி படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தாள்.

"தம்பி, அவர் மேல இல்ல."

"பக்கத்துல எங்கயாவது..."

"சட்டையப் போட்டுக்கிட்டுப் போயிருக்கார். போன் மேசை மேல கிடக்கு."

கடையை அப்படியே பூட்டிவிட்டு ஓடினோம். முதலில் பஸ் நிலையம். நின்றுகொண்டிருந்த ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலோரமாகவும் அண்ணி ஓடினாள், புண் கையால் கம்பியைப் பிடித்து எம்பி எம்பி உள்ளே பார்த்தாள். டிக்கெட் கொடுக்கிறவர் என்னம்மா தேடுறீங்க என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். கிளம்பிவிட்ட ஒரு பஸ்ஸின் பின்னால் அவள் ஓடத் தொடங்கியபோது நானும் பின்னாலேயே ஓடினேன். அண்ணனைவிட இவளை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. அப்போது அவள் போன் அடித்தது. ஊசிக்காரர்.

"உங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்கார். பதறாதீங்க, மெதுவா வாங்க" என்றார். மெதுவாக வருவதாவது.

மையத்தின் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். ஷூ முழுக்கச் சேறு. எங்களைப் பார்த்ததும், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் போல எழுந்து நின்றான். அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். ஊசிக்காரர்தான் வழக்கமான அந்தத் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார்.

"ஊசி வைத்தியத்துக்கு நேரம் கேட்டு வந்திருக்கார். உங்களுக்கு."

"எனக்கா? எனக்கென்ன?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். அந்த மாதம் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "ஊசி குத்திட்டா கொஞ்ச நேரம் அசையாம இருக்கணுமாம். நீ ஒரு இடத்துல உட்காரவே மாட்டேங்குற. என் காலைப் பிடிக்கிற நேரம் மட்டும்தான் உட்காந்த. இப்ப அதுவும் இல்ல. அதான் இவர்கிட்ட கேக்கலாம்னு வந்தேன்."

"உங்களுக்கு நல்லதுன்னுதானே நான் உட்காந்தேன்?"

"உனக்கு நல்லதுன்னுதான் நான் காலை நீட்டினேன்."

அண்ணிக்கு விளங்கவில்லை. "அப்ப உங்களுக்கு அதுல ஒரு சுகமும் இல்லையா?"

"எனக்கு உள்ளங்கால்ல கூச்சம்" என்றான் அண்ணன். "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் தூங்கும்போது அவன் காலில் என் கை பட்டால்கூட உதைப்பான். அந்த உதையில் உடைந்த பல் இன்னும் என் வாயில் அப்படியே இருக்கிறது. இந்த ஆள் இரண்டு குளிர்காலம், தினம் தவறாமல், அந்தக் காலை நீட்டிக்கொண்டு அசையாமல் இருந்திருக்கிறான். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்று அவனிடம் கேட்டாள். குரல் கோபமாகத்தான் தொடங்கியது.

"சொல்லியிருந்தா நீ எந்திரிச்சிருப்ப."

"நான் உட்காந்தா நீங்க போயிடுவீங்க." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "உங்க கால் என் கையில இருந்தா நீங்க எங்கயும் போக முடியாதில்ல. அதுக்குத்தான் அமுக்கினேன். எண்ணெய், அமுக்குற புள்ளி எல்லாம் அப்புறம்தான்."

ஊசிக்காரர் நாகரிகமாகத் திரைக்குப் பின்னால் போய்விட்டார். எனக்குப் போக இடமில்லை, சுவரில் மாட்டியிருந்த, ஊசி குத்தும் இடங்களைக் குறித்த காது படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போகமாட்டேன்னு என்னால சொல்ல முடியாது" என்றான் அண்ணன். "இந்த நாள்ல கால் இழுக்குது. மாத்திரை கொஞ்சம் பிடிச்சு வைக்குது. மீதிய நடந்துதான் தீக்கணும். நீ பின்னாலயே வந்தா எனக்கு நடக்குற மாதிரி இல்ல, தப்பிச்சு ஓடுற மாதிரி இருக்கு."

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

"உட்காரு. நான் வந்துடுறேன்."

எளிதாகச் சொல்லிவிட்டான். அந்த வாரமே மூன்று பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் மாற்றினார். தினமும் வெளிச்சம் இருக்கும்போதே ஒரே வழியில் தனியாக நடந்துவரட்டும், போன் கையில் இருக்கட்டும் என்றார். அண்ணி ஊசிக்காரரிடமும் போனாள். ஊசிகளைக் குத்திவிட்டு அவர் அந்தப் பக்கம் திரும்பினாராம். இவள் ஊசியும் கையுமாக எழுந்து ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். தன் தொழிலில் இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை என்று அவர் என்னிடம் சொன்னபோது, அந்தத் தாழ்ந்த குரலும் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. நான் ஏதோ சாக்கில் மேலே போயிருந்தேன். அண்ணன் லேசைக் கட்டிக்கொண்டு, போனைச் சட்டைப் பையில் போட்டான். அண்ணி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"போயிட்டு வரேன்" என்றான்.

"ம்."

அவன் படியிறங்கிப் போனான். என்னால் நிற்க முடியவில்லை. கடையில் ஆள் காத்திருக்கிறார் என்று புளுகிவிட்டு நானும் கதவை நோக்கிப் போனேன், கொஞ்சம் தள்ளியே பின்தொடரலாம் என்று.

"தம்பி, எங்க போறீங்க? உட்காருங்க."

உட்கார்ந்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று பூட்டு வகைகளைப் பற்றிப் பேசினேன். ஜன்னல் அவள் தோளுக்குப் பின்னால் இருந்தது. அவள் திரும்பவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கதவையே பார்த்தாள். தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவள் உடம்பு முழுக்க ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. பூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோனது. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது, நான் விளக்கைப் போட்டேன், அவள் அப்போதும் அசையவில்லை. நான் மனதுக்குள் அண்ணனை எத்தனை கெட்ட வார்த்தை தெரியுமோ அத்தனையாலும் திட்டிக்கொண்டிருந்தேன்.

படியில் சத்தம் கேட்டது. அண்ணன் உள்ளே வந்தான். மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது.

"வந்துட்டேன்" என்றான். பிறகு அவளைப் பார்த்து, "நீ எந்திரிக்கவே இல்லையா?" என்று கேட்டான்.

அண்ணி தொடைக்கு அடியிலிருந்து இரண்டு கைகளையும் மெதுவாக வெளியே எடுத்தாள். இவ்வளவு நேரமும் அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறாள். நாற்காலியின் பிரம்புப் பின்னல் புறங்கையில் பதிந்திருந்தது. விரல்கள் மடங்க மறுத்தன.

"நாற்காலியப் பிடிச்சு எந்திரிச்சிடுவேனோன்னு பயமா இருந்துச்சு" என்றாள். "கை மரத்தே போச்சுங்க."

அண்ணன் குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தான். புண் இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்துவிட ஆரம்பித்தான். அவள் உட்கார்ந்தே இருந்தாள்.